கடலுக்கு போற பெட்டியில அம்மாவுக்கும் ஒரு டிரஸ் வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரீட்சை முடியற நேரம் வந்தாச்சு, பேப்பரைத் திறந்தா டூர் விளம்பரமாத்தான் இருக்கு. அந்தமான், லங்காவி, மாலத்தீவுன்னு கலர் கலரா போடறாங்க. விலை இருக்கு, ஹோட்டல் பேரு இருக்கு, காலை டிபன் உண்டுன்னு இருக்கு, ஆனா குடும்பத்தோட கிளம்பறவங்க பெட்டியில என்ன வச்சுட்டு போகணும்னு ஒரு வரி கூட யாரும் போடறதில்ல. அது வீட்டுப் பொம்பளைங்க பாத்துக்கற சமாச்சாரம்னு விட்டுடறாங்க போல. எனக்கு அது பெரிய விஷயமா படுது, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிச்சு இடம் இருந்தா போடுங்க.

நான் பேசப் போறது அந்தமானைப் பத்தி, ஏன்னா சென்னையில இருந்து ரெண்டேகால் மணி நேர ஃப்ளைட், பாஸ்போர்ட் வேண்டாம், நம்ம ஊர்ல இருந்து பாட்டி தாத்தாவோட மொத்தமா கிளம்பிப் போற இடம் அதுதான். அங்க ஹேவ்லாக் தீவுல (2018 டிசம்பர்ல ஸ்வராஜ் தீவுன்னு பேர் மாத்திட்டாங்க, ஆனாலும் பழகின வாய்க்கு ஹேவ்லாக்னுதான் வருது) ராதாநகர் பீச்னு ஒண்ணு இருக்கு, 2020ல ப்ளூ ஃப்ளாக்னு, சுத்தமும் பாதுகாப்பும் இருக்கற பீச்சுக்கு குடுக்கற சர்டிஃபிகேட் வாங்கின பீச், மணல் மாவு மாதிரி இருக்கும், தண்ணி இடுப்பளவுல கூட கால் விரல் தெரியற அளவுக்கு தெளிவா இருக்கும். மத்தியானம் மூணு மணிக்கு மேல அங்க போய் நின்னா நம்ம ஊர் குடும்பம் எதுன்னு தூரத்துல இருந்தே தெரிஞ்சிடும். அப்பா பெர்முடாஸ்ல தண்ணிக்குள்ள, பசங்க தண்ணிக்குள்ள, சித்தப்பா செல்ஃபி ஸ்டிக்கோட தண்ணிக்குள்ள. அம்மா மட்டும் கரையில. புடவைக் கொசுவத்தை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுட்டு, தோள்ல மூணு பை, இன்னொரு கையில எல்லார் போனும், கால்கிட்ட எல்லார் செருப்பும். பொண்ணு ஓடி வந்து நீயும் வாம்மான்னு இழுக்குது. வேற துணி எடுத்துட்டு வரலடா கண்ணு, நீங்க போய் விளையாடுங்கன்னு அந்தம்மா சொல்றாங்க.

வேற துணி எடுத்துட்டு வரல. அந்த வீட்டு பெட்டி மொத்தத்தையும் உக்காந்து கட்டினது அவங்களாத்தான் இருக்கும். புருஷனுக்கு நாலு டீஷர்ட், பையனுக்கு ஸ்விம்மிங் டிரஸ், பொண்ணுக்கு ஃபோட்டோவுக்கு போட தனியா மூணு ஃப்ராக், மாமியாருக்கு மாத்திரை டப்பா, எல்லாத்தையும் மறக்காம வச்சவங்க தனக்குன்னு வச்சது ஹோட்டல்ல கட்ட நாலு புடவையும் ரெண்டு நைட்டியும்தான். இவ்ளோ செலவு பண்ணி வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து அந்த கடல்ல ஒரு தடவை கூட முழுசா நனையாம திரும்பிப் போறவங்க எத்தனை பேர் தெரியுமா ஐயா, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். பெட்டி கட்டறப்பவே யார் கடல்ல இறங்குவாங்க யார் கரையில நிப்பாங்கன்னு முடிவாயிடுது, அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அதனால பேக்கிங்ல முதல் வேலை, வீட்டுல எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஆளுக்கு ரெண்டு செட் நனையற துணி. ரெண்டு எதுக்குன்னா அங்க காத்துல ஈரம் ஜாஸ்தி, மத்தியானம் துவைச்சுப் போட்டது மறுநாள் காலையிலயும் சில்லுனுதான் இருக்கும், ஈரத் துணியைத் திரும்ப மாட்டிக்கிட்டு போட்ல ஏறினா துடை இடுக்கெல்லாம் உப்பும் மணலும் சேந்து உரசி எரியும். ஆளுக்குன்னா பாட்டிக்கும் சேத்துதான். பாட்டி எங்க இறங்கப் போறாங்கன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, நீல் தீவுல பரத்பூர் பீச்ல ரொம்ப தூரத்துக்கு தண்ணி ஆழமே இல்லாம இருக்கும், கையைப் பிடிச்சு முழங்கால் தண்ணியில உக்கார வச்சா எழுந்து வர மனசே வராது அவங்களுக்கு.

என்ன துணின்னு கேட்டா, புடவை வேண்டவே வேண்டாம். அஞ்சரை மீட்டர் துணி நனைஞ்சா எவ்ளோ கனம்னு துவைக்கறவங்களுக்கு தெரியும், அது அலையில காலைச் சுத்துச்சுன்னா முழங்கால் தண்ணியிலயே ஆளைக் கவுத்துடும். நைட்டியும் வேண்டாம், அலை வந்தா மேல ஏறிக்கும், அதை இழுத்து விடறதுலயே நேரம் போயிடும். துப்பட்டாவை கழுத்துல சுத்திக்கிட்டு தண்ணியில இறங்கறது ரொம்ப ஆபத்து, தயவு செஞ்சு பண்ணாதீங்க. காட்டன் லெக்கின்ஸ் நனைஞ்சா தொங்கிடும். பாலியெஸ்டர் இல்லாட்டி லைக்ரா கலந்த முழுக்கை டீஷர்ட், கணுக்கால் வரைக்கும் ஒட்டின மாதிரி பேண்ட், மேல முழங்கால் வரைக்கும் ஒரு லேசான டாப், இது போதும். அடர் கலரா எடுங்க, வெளிர் கலர் நனைஞ்சா உள்ள தெரியும்னு தயங்கித்தான் பாதி பேர் இறங்கறதே இல்ல. ஸ்விம் சூட்னு எழுதின பிராண்ட் கடையிலதான் வாங்கணும்னு இல்ல, ஹோட்டல் நீச்சல் குளத்துலதான் அந்த ரூல் எல்லாம், கடல்ல யாரும் கேக்க மாட்டாங்க. திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைங்கள்ல ஜாகிங் போறவங்க போடற அந்த சீக்கிரம் காயற டீஷர்ட் கம்மி விலைக்கே கிடைக்கும், அதையே எடுத்துக்கலாம்.

குழந்தைங்களுக்கு மட்டும் இதுக்கு நேர் எதிர். கண்ணைப் பறிக்கற ஆரஞ்சு, ஃப்ளோரசன்ட் மஞ்சள், பிங்க் இப்படித்தான் எடுக்கணும். நீலமும் வெள்ளையும் பாக்க அழகா இருக்கும், ஆனா குழந்தை தண்ணிக்குள்ள போயிட்டா அந்த கலர் கண்ணுக்கே தெரியாது, கடலோட சேந்து மறைஞ்சிடும். காத்தடிச்சு கையில மாட்டற ஃப்ளோட் எல்லாம் விளையாட்டு சாமான், அது உயிரைக் காப்பாத்தற பொருள் இல்ல, அதை மாட்டி விட்டுட்டு போனை நோண்டிட்டு இருக்கக் கூடாது, கை எட்டற தூரத்துல ஒரு பெரியவர் நிக்கணும். போட்ல ஏறும்போது குழந்தை சைஸுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கேட்டுட்டு ஏறுங்க, பெரியவங்க ஜாக்கெட்டை குழந்தைக்கு மாட்டினா தண்ணியில விழுந்தா தலை வழியா கழண்டு வந்துடும். இன்னொண்ணு, அந்தமான்ல உப்புத் தண்ணி முதலை உண்டு, சில பீச்ல வலை கட்டி அதுக்குள்ள மட்டும் குளிக்கச் சொல்லி போர்டு வச்சிருப்பாங்க, அந்த போர்டை மதிங்க, ஆள் இல்லாத இடமா அழகா இருக்கேன்னு ஓரமா ஒதுங்கிப் போகாதீங்க.

முழுக்கை எதுக்குன்னு கேக்கலாம், வெயிலுக்குத்தான். நாம என்ன வெயில் பாக்காத ஊரா, மாசி பங்குனியில இருந்தே வெந்துட்டுதானே இருக்கோம்னு நம்ம ஆளுங்க இதுல ரொம்ப தைரியமா இருப்பாங்க. ஊர்ல நாம வெயிலைக் கண்டா நிழல்ல ஒதுங்கறோம், பீச்ல அதே வெயில்ல போய் மூணு மணி நேரம் நிக்கறோம், அதான் வித்தியாசம். மேல இருந்து அடிக்கறது போதாதுன்னு கீழ இருந்தும் அடிக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி காஞ்ச கடற்கரை மணல் புற ஊதாக் கதிர்ல சுமார் 15 சதவீதத்தை திருப்பி அடிக்குது, கடல் நுரை சுமார் 25 சதவீதம். அரை மீட்டர் தண்ணிக்கு அடியில கூட மேல இருக்கறதுல 40 சதவீதம் இருக்குமாம். ஸ்நார்கெலிங் பண்றவங்க முகத்தைத் தண்ணியில வச்சு முதுகைக் காட்டிட்டு மிதக்கறாங்க, தண்ணி ஜில்லுனு இருக்கறதால ஒண்ணும் தெரியாது, ராத்திரி படுக்கையில முதுகை வைக்க முடியாம தவிக்கறப்பதான் தெரியும். மேகமா இருக்கேன்னும் நம்பக் கூடாது, லேசான மேகத்துல புற ஊதாக் கதிர் பெரும்பாலும் தாண்டி வந்துடும். நம்ம கறுப்புத் தோலுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறதும் பாதிதான் உண்மை, வெள்ளைத் தோல் அளவுக்கு சீக்கிரம் புண்ணாகாதே தவிர நம்ம தோலும் வெந்துதான் போகும், குழந்தைங்க தோள்பட்டையில தோல் உரிஞ்சு நிக்கறதை நிறைய பாத்திருக்கேன்.

இதுல ஒரு சின்ன கணக்கு பாருங்க. சன்ஸ்கிரீன் ஒரு பெரியவர் உடம்பு பூரா ஒழுங்கா தடவணும்னா ஒரு தடவைக்கு சுமார் 30 மில்லி வேணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப போடணும், தண்ணியில இருந்து ஏறி துடைச்சாலும் திரும்ப போடணும். நம்ம வீட்டுல எடுத்துட்டு போறது குடும்பத்துக்கே சேத்து ஒரு 50 மில்லி ட்யூப். அது ஒரே ஆளுக்கு ரெண்டு தடவைக்கே பத்தாது, அதை நாலு பேர் பொட்டு வைக்கற மாதிரி மூக்குல கன்னத்துல தொட்டு வச்சுட்டு சன்ஸ்கிரீன் போட்டும் கறுத்துட்டோமேன்னு ட்யூபைத் திட்டறாங்க. முழுக்கை டீஷர்ட்டும் பேண்ட்டும் போட்டுட்டா முகம், காது, பின் கழுத்து, புறங்கை, பாதத்து மேல் பக்கம் இவ்ளோதான் பாக்கி, செலவும் கம்மி, காவலும் ஜாஸ்தி. அதுலயும் துணி முக்கியம். சாதாரண வெள்ளை காட்டன் பனியன் வெயிலை அவ்வளவா தடுக்காது, ஒரு துணி புற ஊதாக் கதிரை எவ்ளோ தடுக்குதுன்னு காட்டற யூபிஎஃப்ங்கற அளவுல அது 5ல இருந்து 7க்குள்ளதான் வரும், நனைஞ்சா இன்னும் குறையும். யூபிஎஃப் 50ன்னு போட்ட துணின்னா ஐம்பதுல ஒரு பங்குதான் உள்ள விடும். தேங்காய் எண்ணெய் தேச்சுட்டா வெயில் ஏறாதுன்னு நம்ம பெரியவங்க சொல்றதும் இங்க உதவாது, எண்ணெய் தோலை வறளாம வச்சுக்கும், புற ஊதாக் கதிரை அது பெருசா தடுக்கறதில்ல. ஆறு மாசத்துக்கு கம்மியான கைக்குழந்தைக்கு சன்ஸ்கிரீனும் போடாம வெயில்லயும் காட்டாம நிழல்லயே வச்சுக்கறதுதான் டாக்டருங்க சொல்றது, அதுக்குன்னு ஒரு பெரிய கறுப்புக் குடை பெட்டி ஓரத்துல படுக்கப் போடுங்க, வீட்டுக் குடையே போதும்.

சன்ஸ்கிரீன் வாங்கறப்ப பின்னாடி சின்ன எழுத்துல இருக்கறதையும் கொஞ்சம் படிச்சுட்டு வாங்குங்க. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட்னு ரெண்டு கெமிக்கல், இது பவளப்பாறையைக் கெடுக்குதுன்னு ஹவாய் தீவுல 2018லயே சட்டம் போட்டு 2021 ஜனவரியில இருந்து விக்கவே தடை பண்ணிட்டாங்க, தாய்லாந்துலயும் 2021ல இருந்து கடல் தேசியப் பூங்காக்கள்ல தடை. நம்ம ஊர்ல அப்படி தடை இருக்கோ இல்லையோ, எந்தப் பவளத்தைப் பாக்கறதுக்கு காசு குடுத்து கண்ணாடி போட்ல போறோமோ அதுமேலயே மருந்தைக் கரைச்சு ஊத்தறது நியாயமா சொல்லுங்க. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இதுல ஏதாவது இருக்கறதா பாத்து வாங்கலாம், முகம் கொஞ்சம் வெள்ளையா தெரியும், தெரிஞ்சுட்டு போகட்டும்.

அடுத்தது கால். பெட்டி கட்டறப்ப எல்லாருமே மறந்துடறது இதைத்தான். ராதாநகர்ல வெறுங்காலோட நடக்கலாம், நீல் தீவுல லக்ஷ்மண்பூர் பக்கம் நேச்சுரல் பிரிட்ஜ்னு சொல்ற பாறை வளைவைப் பாக்கப் போறப்ப அது நடக்காது, கடல் உள்வாங்கற நேரத்துல செத்த பவளம் மேலயும் வழுக்குப் பாறை மேலயும்தான் நடந்து போகணும், கண்ணாடித் துண்டு மாதிரி கிழிக்கும். ரெண்டு விரல்ல மாட்டற ரப்பர் செருப்பு போட்டா வழுக்கி பாதியில கழண்டு தண்ணியில போயிடும். பின்னாடி பட்டை வச்சு இறுக்கற சாண்டல், ஸ்கூல் பசங்க மழைக்கு போடறது இருக்குல்ல அது, ஆளுக்கு ஒண்ணு அவசியம் வேணும். லெதர் செருப்பு, ஷூ எல்லாம் உப்புத் தண்ணியில வீணாப் போயிடும். சுகர் இருக்கறவங்க விஷயத்துல நான் ரொம்பவே வற்புறுத்திச் சொல்றேன், பாதத்துல மரத்துப் போன உணர்ச்சி இருக்கறவங்களுக்கு உச்சி வெயில்ல சுடற மணலோட சூடும் தெரியாது, பவளம் கிழிச்சதும் தெரியாது, ராத்திரி ரூம்ல கால் கழுவும்போது ரத்தத்தைப் பாத்துத்தான் தெரியும், அந்தப் புண்ணு ஆறாம வருஷக்கணக்குல இழுத்து அடிக்கற வீடுங்க நமக்குத் தெரியாததா. அப்பா அம்மாவுக்கு சுகர்னா தண்ணிக்குள்ள கூட அந்தப் பட்டை செருப்போடதான் இறங்கணும், ரூமுக்கு வந்ததும் பிள்ளைங்க யாராவது அவங்க பாதத்தை டார்ச் அடிச்சு விரலிடுக்கு வரைக்கும் பாத்துடணும்.

மருந்தைப் பத்தி சொல்லணும்னா முதல் விஷயம் இன்சுலின், மாத்திரை எதையும் செக்-இன் பெட்டியில போடவே கூடாது. விமானத்தோட அடிப் பக்கத்துல குளிர்ல இன்சுலின் உறைஞ்சு போகலாம், உறைஞ்சுதுன்னா அதை தூக்கிப் போட வேண்டியதுதான். டாக்டர் சீட்டோட கையில வச்சுக்கற பையில போகட்டும். அப்புறம் எத்தனை நாள் டூரோ அதைவிட மூணு நாலு நாளைக்கு மாத்திரை கூடவே வச்சுக்கணும், இதுக்கு காரணம் இருக்கு. தென்மேற்குப் பருவமழை நம்ம நாட்டுல முதல்ல தொடறதே அந்தமானைத்தான், கேரளாவுக்கு ஜூன் 1ன்னா அங்க மே மூணாவது வாரத்துலயே வந்துடும். நம்ம பசங்க லீவு ஏப்ரல் மே, சரியா அந்த மே கடைசியில போனோம்னா மழை, காத்து, கடல் கொந்தளிப்பு எல்லாம் சேந்து தீவுக்குத் தீவு போற கப்பலை நிறுத்திடுவாங்க. கப்பல் நின்னா ஹேவ்லாக்ல இருக்கற ஆள் ஹேவ்லாக்லதான், ஏர்போர்ட் இருக்கற போர்ட் பிளேருக்கு வர முடியாது, ஃப்ளைட்டைத் தவற விடணும், பிரஷர் மாத்திரையைத் தேடி அலையணும். 

கப்பல்ல வாந்தி வர்ற ஆளுங்களுக்கு அவோமின் மாதிரி மாத்திரை கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும், தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. அந்த மருந்து ரெண்டு வயசுக்கு கம்மியான குழந்தைக்கு குடுக்கவே கூடாது, பெரிய குழந்தைக்கும் எவ்ளோன்னு டாக்டர்கிட்ட கேட்டுத்தான் குடுக்கணும், பக்கத்து சீட்டு ஆன்ட்டி குடுத்தாங்கன்னு பாதி உடைச்சு குடுக்காதீங்க. ஓஆர்எஸ் பொடி பாக்கெட் நாலஞ்சு வச்சுக்கோங்க, உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு எழுதியிருக்கறதா பாத்து வாங்கணும், பெரிய பாக்கெட்னா முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்கறது தப்பு. கொசுவுக்கும், சாயங்காலம் மணல்ல கடிக்கற மணல் ஈக்கும் தடவற க்ரீம் ஒண்ணு வேணும், அந்த மணல் ஈ கடிச்சா நாள் கணக்குல அரிக்கும். சன்ஸ்கிரீன் முதல்ல, அது ஊறினப்புறம் இந்த க்ரீம், அந்த வரிசையில போடணும்.

இதையும் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன், பெண்கள் பக்கத்துல மட்டும் போடற விஷயமா நினைக்காம பொதுப் பக்கத்துலயே போடுங்க ஐயா. டூர் தேதியும் மாதவிலக்கு தேதியும் ஒண்ணா வந்தா தள்ளிப் போடற மாத்திரையை மெடிக்கல் ஷாப்ல நேரா கேட்டு வாங்கிப் போடற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா இருக்கு. ரத்தக்கட்டு வந்தவங்க, ஒற்றைத் தலைவலி இருக்கறவங்க, கல்லீரல் கோளாறு இருக்கறவங்க இதைத் தானா போடக் கூடாது, மத்தவங்களும் ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டுதான் போடணும். டிக்கெட் போடறப்பவே வீட்டுப் பொண்ணுங்ககிட்ட தேதி கேட்டுட்டு போட்டா பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துடும். அப்படியும் அந்த நேரத்துல வந்துடுச்சுன்னா நாப்கின் தண்ணியில ஊதிடும், அதோட இறங்க முடியாது, நாப்கினுக்கு பதிலா உள்ள வச்சுக்கற மென்சுரல் கப் பழகினவங்க அதை எடுத்துட்டு வந்தா கடல்ல தாராளமா இறங்கலாம், ஆனா முதல் முதலா டூர்ல போய் பழகாதீங்க, ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வீட்டுல பழகிக்கணும்.

நகை. தாலிச் செயினோட அலையில இறங்க பயந்துட்டே கரையில நிக்கற அம்மாக்களும் இருக்காங்க, பயம் நியாயம்தான், ஒரு அலை இழுத்தா கொக்கி விட்டுடும், மணல்ல தேடி கிடைக்கற சமாச்சாரம் இல்ல. பழைய வழக்கம் இருக்கே, ஊருக்கு போறப்ப செயினைக் கழட்டி லாக்கர்ல வச்சுட்டு மஞ்சக் கயித்துல தாலியைக் கோத்துப் போட்டுட்டு போறது, அதைப் பண்ணிட்டா நிம்மதியா முங்கலாம். மோதிரமும் தண்ணியில விரல் சுருங்கினா நழுவிடும். கண்ணாடி போடறவங்களுக்கு பின்னாடி கட்டற கயிறு ஒண்ணு, கூட பழைய கண்ணாடி ஒண்ணு ஸ்பேரா வச்சுக்கணும்.

இவ்ளோவும் வச்சா எடை எங்க போகும்னு கேப்பீங்க. உள்நாட்டு ஃப்ளைட்ல பொதுவா ஆளுக்கு 15 கிலோ பெட்டி, கையில 7 கிலோ, இதுக்குள்ள அடங்கணும், கப்பல்ல ஏத்தி இறக்கறப்பவும் நாமளேதான் தூக்கணும். அதனால எடுத்து வெளிய போட வேண்டியதை போட்டுடுங்க. ஜீன்ஸ் ஒண்ணு கூட வேண்டாம், ஒரு தடவை நனைஞ்சா ஊர் திரும்பற வரைக்கும் காயாது, கனம் வேற. டர்க்கி டவல் வேண்டாம், அதுக்கு பதிலா நம்ம ஈரோடு ஈரிழைத் துண்டு, நாலு துண்டு மடிச்சு வச்சா ஒரு டர்க்கி டவல் இடம்தான் பிடிக்கும், மணலை உதறினா உதிந்துடும், ஃபேன் காத்துலயே காஞ்சிடும், அம்மா தண்ணியில இருந்து ஏறி வந்ததும் தோள்ல போத்திக்கவும் ஆகும். அதே மாதிரி பீச்சுக்கு போறதுக்கு வீட்டு வயர் கூடையை எடுத்துட்டு போங்க. துணிப் பைன்னா மணல் அடியில தங்கி ரூம் வரைக்கும் வரும், ஈரத் துணி போட்டா சொட்டும், பாலித்தீன் கவர்ல கட்டினா ஒரே ராத்திரியில நாத்தம். வயர் கூடையில செருப்பு, தண்ணி பாட்டில், ஈரத் துணி எல்லாத்தையும் போட்டுட்டு கடைசியில கூடையையே ஒரு தடவை கடல்ல முக்கித் தூக்கினா மணல் பூரா ஓட்டை வழியா போயிடும், ரூம் போற வரைக்கும் தண்ணியும் வடிஞ்சிடும். பெட்டியில அதை தலைகீழா கவுத்து உள்ள துணியை அடைச்சுட்டா தனியா இடமும் பிடிக்காது.

சாப்பாட்டு மூட்டையும் ரொம்ப வேண்டாம். போர்ட் பிளேர்ல (2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தியிருக்காங்க) தலைமுறை தலைமுறையா நம்ம தமிழ் ஜனங்க இருக்காங்க, இட்லி தோசைக்கு பஞ்சம் இல்ல, பேசறதுக்கும் ஆள் கிடைக்கும். முதல் நாளைக்கு புளிசாதம், அப்புறம் பருப்புப் பொடி இட்லிப் பொடி கொஞ்சம் போதும். கொப்பரைத் தேங்காய் மட்டும் ஃப்ளைட்ல விட மாட்டாங்க, எண்ணெய்ச் சத்தால தீப்பிடிக்கற பொருள் கணக்குல வச்சிருக்காங்க. பவர் பேங்க் கைப் பையிலதான் இருக்கணும், பெட்டிக்குள்ள போட்டா பெட்டியைத் திரும்ப கூப்பிட்டு திறக்கச் சொல்லுவாங்க. ஒரு சின்ன டார்ச் வச்சுக்கோங்க, அந்தமான் நம்மை விட ரொம்ப கிழக்கே இருந்தும் கடிகாரம் ஒண்ணுதான், அதனால காலையில அஞ்சு அஞ்சரைக்கே வெளிச்சம் வந்துடும், சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், பசங்களுக்கு பசியும் தூக்கமும் சீக்கிரமே வரும். சென்னையில இருந்து கடலடி கேபிள் 2020ல போட்டப்புறம் நெட் எவ்வளவோ தேவலாம், இருந்தாலும் தீவுல சில இடத்துல சிக்னல் நிக்கறதில்ல, அதனால கையில ரொக்கமும், எல்லாருக்கும் ஒரிஜினல் ஆதாரும், டிக்கெட் பிரிண்டும் ஈரம் படாத உறையில இருக்கட்டும்.

திரும்பி வர்றப்ப பெட்டியில சேக்கக் கூடாதது ஒண்ணு உண்டு, பசங்க பொறுக்கின பவளத் துண்டும் சங்கும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பவளமும் பல வகை சங்கு சிப்பியும் பாதுகாக்கப்பட்டது, ஏர்போர்ட்ல ஸ்கேன்ல பாத்து எடுக்கச் சொல்றாங்க, பெட்டியைத் திறந்து எல்லார் முன்னாடியும் தேடறப்ப குழந்தை அழுவும். பீச்லயே ஆசை தீர கையில வச்சுப் பாத்துட்டு அங்கயே போட்டுட்டு வரச் சொல்லிடுங்க.

ஐயா, என் கோரிக்கை ரெண்டு. டூர் நடத்தறவங்க பணம் கட்டின உடனே வாட்ஸ்அப்ல ஹோட்டல் படம் அனுப்பறாங்க இல்லையா, அதோட கூட என்ன எடுத்துட்டு வரணும்னு தமிழ்ல ஒரு பக்கம் அனுப்பச் சொல்லி உங்க பேப்பர் மூலமா கேளுங்க, அதுல முதல் வரியா வீட்டுப் பெண்களுக்கும் பெரியவங்களுக்கும் கடல்ல இறங்கற துணின்னு போடச் சொல்லுங்க. இன்னொண்ணு வீட்டு ஆம்பளைங்களுக்கு. பெட்டியை மனைவி கட்டி முடிச்சப்புறம் மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க திறந்து பாருங்க, அவங்க நனையறதுக்கு துணி உள்ள இருக்கான்னு. இல்லன்னா கடைக்கு கூட்டிட்டு போய் வாங்கிக் குடுங்க, பீச்ல முதல் அரை மணி நேரம் செருப்பையும் போனையும் நீங்க பாத்துக்கறேன்னு சொல்லி அவங்களை முதல்ல இறக்கி விடுங்க.

ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள இந்தக் கடிதத்தைப் போட்டீங்கன்னா உபயோகமா இருக்கும், அதுக்கப்புறம் எல்லாரும் கிளம்பிடுவாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
திருச்சி.